பழிப்பு என்று நான் நினைத்தது

முப்பத்தொரு வருடம் நான் மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுத்தேன். ஒரு கணக்கைக் கரும்பலகையில் போட்டு முடித்ததும் என் வாய் வலப்பக்கமாகக் கோணும். சாக்பீஸ் பிடித்த கை வெடுக்கென்று வெளியே வீசும். "தெரியுதா?" என்று கேட்பேன். இப்படி ஒரு பழக்கம் என்னிடம் இருப்பதே எனக்குத் தெரியாது. கல்யாணமான முதல் மாதம் என் மனைவிதான் அதைச் செய்து காட்டினாள். வாயைக் கோணி, கையை வீசி, "தெரியுதா?" அன்று சிரித்த சிரிப்பில் கட்டிலிலிருந்து விழப் பார்த்தேன்.

பிறரைப் போலச் செய்து காட்டுவது அவளுக்கு மூச்சுவிடுகிற மாதிரி. போதகர் ஆசீர்வாதம் கூறும் குரல், பஸ் கண்டக்டர் சில்லறை இல்லை என்று சொல்லும் முகம், தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்கும் தோரணை, எல்லாம் அவளிடம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால், மீன் குழம்பு கொதிப்பதற்குள் பாதிச் சபையும் எங்கள் அடுக்களையில் நடமாடிவிடும். பிடித்தவர்களுக்குத்தான் அவள் பழிப்புக் காட்டுவாள். பிடிக்காதவர்களைப் பற்றி வாயே திறக்க மாட்டாள்.

ஞாபகமும் அப்படித்தான். பாட்டுப் புத்தகத்தைச் சபைக் கோவிலுக்கு எடுத்துப் போவாள், திறக்க மாட்டாள். நம்பர் சொன்னவுடன் பாடத் தொடங்கிவிடுவாள். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிப் பக்கத்தைத் தேடி எடுப்பதற்குள் இரண்டாம் சரணத்துக்குப் போயிருப்பாள். "கணக்கு வாத்தியாருக்கு நம்பர் தெரியல்ல" என்று முழங்கையால் ஓர் இடி வேறு.

இந்தப் பெண்ணை நான் ஒரு முறை கைநீட்டி அடித்தேன். அதை மறைக்க ஒரு பொய்யும் சொன்னேன். எனக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது.

இரண்டாயிரத்துப் பதிமூன்றாம் ஆண்டு. நான் ஓய்வு பெற்று வெகுநாள் ஆகியிருந்தது. பத்மநாபபுரம் கோட்டைக்கு வெளியே எங்கள் வீடு. ஒரே மகள் குவைத்தில் நர்ஸ். வீட்டில் நாங்கள் இரண்டு பேர், தினமும் காலை பத்து மணிக்கு வரும் மீன்காரி ஒருத்தி. கடற்கரை ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி, அலுமினியச் சருவத்தைத் தலையில் வைத்துக்கொண்டு இருபது வருடமாக வருகிறவள். என் மனைவியை அக்கா என்பாள், என்னைச் சாரே என்பாள்.

முந்தின வருடம் மனைவிக்கு ரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தது. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்னார். நான் ஒரேயடியாக நிறுத்தினேன். உப்பு ஜாடியைத் தூக்கி என் புத்தக அலமாரியின் உச்சியில் வைத்தேன். மீன்காரிக்கு அது தாங்கவில்லை.

"உப்பில்லாம சாளையை வச்சா, செத்த சாளை பின்னயும் ஒருக்கா சாவும் சாரே."

"ஒனக்க சாளை சாவட்டு. அவ சாவப்பிடாது."

"அக்கா, கேட்டியளா? சாருக்கு ஒங்கமேல சினேகம்!"

அவள் போன பிறகு என் மனைவி அவளையும் என்னையும் மாறி மாறி நடித்துக் காட்டினாள். என் பங்கு வந்தபோது அவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. அந்த வீடு அப்படி இருந்தது.

ஆனி மாதம். வெளியே மழை. போதகர் பிரசங்கத்தில் ஒரு கணக்கைத் தவறாகச் சொல்லிவிட்டார் என்று நான் அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவள் வாய் வலப்பக்கம் கோணியது, வலது கை வெடுக்கென்று வீசியது. நான் சிரித்தேன். தொடர்ந்து சொன்னேன். மறுபடியும் வாய் கோணியது, கை வீசியது. மூன்றாம் முறை எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"போதும்."

"என்ன போதும்?" என்றாள். ஒன்றுமறியாத முகம். அந்த முகத்தை அவள் எத்தனை பேரிடம் காட்டி ஏமாற்றியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் இன்னும் அதிகம். ஓய்வு பெற்றவனுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவன் பேச்சை யாரும் குறிப்பெடுத்துக்கொள்வதில்லை. பாங்கில், நூலகத்தில், சபைக் கூட்டத்தில் எல்லாம் நான் பேசத் தொடங்கினால் ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மிச்சமிருந்த ஒரே மாணவி என் மனைவி. அவளும் பழிக்கிறாள். ஒரு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் சாயா டம்ளரை நீட்டினாள். வாய் கோணி, கை வீசி, சூடான சாயா முழுவதும் என் வேட்டியில். நான் எழுந்து அந்தக் கையை ஓங்கி அடித்தேன். முப்பத்தெட்டு வருடத்தில் அதுதான் முதல் அடி. அவள் அழவில்லை. தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

யாரும் பார்க்கவில்லை. பதினொரு நாள் நான் அவளோடு பேசவில்லை.

சொல்ல வேண்டியதை எல்லாம் மீன்காரி வழியாகத்தான் சொன்னேன். "அக்காட்ட சொல்லு, நாளைக்கு கோட்டாத்துக்கு போறேன், மத்தியானம் வரமாட்டேன்." மீன்காரி அடுக்களைப் பக்கம் திரும்பி, "அக்கா, சாரு கோட்டாத்துக்கு போறாராம், மீனுக்க தலையை எனக்கு வச்சிருங்கோ" என்று தன் சொந்த வரியையும் சேர்த்துச் சொல்லுவாள். இதில் விசித்திரம் என்னவென்றால், நாங்கள் சண்டையில் இருப்பதையே என் மனைவி மறந்துபோனாள். தினமும் காலையில் சாயாவோடு வந்து, "ஏன் மொகத்தை தூக்கி வச்சிருக்கியோ?" என்று கேட்டாள். தோற்றுப்போய் இறங்கி வருகிறாள் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் வாய் கோணும். திமிர் என்று நினைத்தேன்.

ஆடி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவிலில் பாட்டு நம்பர் சொன்னார்கள். அவள் தொடங்கவில்லை. என் பக்கம் திரும்பி, "எத்தனாவது பாட்டு?" என்றாள். சொன்னேன். புத்தகத்தைத் திறந்தாள். அவள் புத்தகத்தைத் திறந்து நான் பார்த்ததில்லை. இரண்டு தாள் புரட்டிவிட்டு மறுபடியும், "எத்தனாவது பாட்டு?" என்றாள். பாட்டு முடியும்வரை நாலு தடவை கேட்டாள். என் கோபமெல்லாம் அங்கேயே உதிர்ந்தது. பயம் வந்தது.

உள்ளூர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதித்தார்கள். சோடியம் மிகவும் குறைவு. டாக்டர் கேட்டதும் நான் உப்பு ஜாடியின் கதையைச் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு ஒரு நிம்மதி இருந்தது என்பதை இங்கே எழுதத்தான் வேண்டும். உப்பை நிறுத்தியது அன்பினால் செய்த தப்பு. ஊரே அதைச் சிரித்து மன்னிக்கும். அப்படியே நடந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் எல்லாரும் ஊறுகாய் கொண்டுவந்தார்கள். நாரத்தங்காய், மாங்காய், மிளகாய். மீன்காரி ஒரு பொட்டலம் கருவாடு கொண்டுவந்து மனைவியின் தலையணைக்கு அடியில் வைத்தாள். அந்த வார்டு முழுவதும் இரண்டு நாள் எங்களைத் திட்டியது.

சோடியம் ஏறியது. ஞாபகம் ஏறவில்லை. மகள் எங்கே, மகள் எங்கே என்று மணிக்குப் பத்துத் தடவை கேட்டாள். வயது அறுபத்தொன்றுதான், ஆனாலும் மறதி நோயாக இருக்கலாம் என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மகள் தினமும் போன் செய்தாள். ஒரு நாள் கேட்டாள்: "அப்பா, அம்மைக்கு கை கால் ஏதாவது வெட்டுதா? ஃபிட்ஸ் மாதிரி? முகம் கோணுதா? நல்லா யோசிச்சு சொல்லுங்கோ."

யோசிக்கவே தேவையில்லை. முகம் கோணுது என்று சொன்னால், எப்போதிலிருந்து என்று கேட்பாள். அதற்கு நான் என்ன செய்தேன் என்று கேட்பாள்.

"இல்ல மக்கா" என்றேன்.

அந்தப் பொய்க்கு மூன்று வாரம் ஆயுள். அந்த மூன்று வாரத்தில் என் மனைவி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்துகொண்டிருந்தாள்.

பொய்யை உடைத்தது மீன்காரி. ஆவணி மாதம் ஒரு நாள் அயிலை மீனை எடுத்து வைத்துக்கொண்டிருந்தவள் என்னைக் கூப்பிட்டாள்.

"சாரே, அக்காக்கு வெட்டு வருதுல்லா? ஆஸ்பத்திரியில சொன்னியளா?"

"வெட்டு இல்லை அது. அவ எனக்கு பழிப்பு காட்டுதா. அவளுக்க வழக்கம்தானே."

"ஒங்களுக்கா?" அவள் சிரிக்கவில்லை. "நீங்க கோட்டாத்துக்கு போன அண்ணைக்கும் காட்டினா. எனக்கு காட்டினா. இந்தா கெடக்க அயிலைக்கும் காட்டுதா. அயிலை என்ன பாடமா எடுத்துது?"

நான் போய் அடுக்களை வாசலில் நின்றேன். என் மனைவிக்கு நான் நிற்பது தெரியாது. சுவரைப் பார்த்து நின்றாள். வாய் கோணியது, கை வீசியது. ஒரு நொடிதான். பிறகு ஒன்றும் நடக்காதது போல வெங்காயத்தை உரித்தாள். மறுபடியும். கையில் பென்சிலை எடுத்துக் காலண்டர் தாளின் பின்புறம் கோடு போட்டேன். ஒரு மணி நேரத்தில் ஒன்பது கோடு. வாயைக் கோணிக் கையை வீசிய பிறகு எப்போதும் வரும் "தெரியுதா?" ஒரு தடவையும் வரவில்லை. யோசித்துப் பார்த்தால் இந்த மூன்று மாதமும் வரவில்லை. வாத்தியார் நான். பாதி விடையைப் பார்த்தே முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

அன்று மத்தியானமே மகளைக் கூப்பிட்டு, "வெட்டு இருக்கு மக்கா. ஒரு மணி நேரத்துக்கு ஒம்பது" என்றேன். அவள் அன்றே லீவு கேட்டாள். ஐந்தாம் நாள் வந்து இறங்கினாள்.

திருவனந்தபுரத்தில் நரம்பியல் மருத்துவர் ஒருவரிடம் போனோம். மலையாளம் கலந்த தமிழ், பொறுமையான மனிதர். அந்த வெட்டு எப்படி இருக்கும் என்று கேட்டார். வார்த்தையில் சொல்ல வராமல் எழுந்து நின்று செய்து காட்டினேன்.

"சாறே, ஒண்ணுகூடி காணிக்கணும்."

மறுபடியும் செய்தேன். மனைவி முகமெல்லாம் சிரிப்பாகி மகளை இடித்தாள். "ஒனக்கப்பன் கிளாசுல செய்யது மாதிரில்லா செய்யாரு! 'தெரியுதா?' எங்க? அதைச் சொல்லல்லியே!"

டாக்டர் உட்பட நாலு பேரும் சிரித்தோம். இத்தனை இருட்டிலும் அவள் பழைய ஞாபகத்தில் ஒரு சொல்கூடக் குறையவில்லை. சிரித்து முடித்ததும் டாக்டர், "எப்ப துடங்கினது?" என்றார். நான் மகளைப் பார்க்காமல், ஆனி மாதம் என்றேன். எனக்குத் தெரியும், மறைத்தேன் என்றேன். மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. பிறகு தன் கைக்குட்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

காதுக்கு நேர் உள்ளே, மூளையின் இரண்டு பக்கத்திலும் கடல்குதிரை போல வளைந்த ஒரு பகுதி இருக்கிறதாம். இன்றைக்கு நடப்பதை நாளைக்கு எடுத்து வைப்பது அதன் வேலை. எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த இடம் இரண்டு பக்கமும் வெளுத்து வீங்கியிருந்தது. லிம்பிக் என்செபலைட்டிஸ் என்று பெயர் சொன்னார். காரணம் பல உண்டு. சில பேருக்கு ஒரு வைரஸ் நேராக உள்ளே புகுந்துவிடும். சில பேருக்கு நெஞ்சிலோ வயிற்றிலோ ஒளிந்திருக்கும் ஒரு கட்டியை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் படை, ஆள் தெரியாமல் மூளையைத் தாக்கும். சில பேருக்குக் கட்டியும் இருக்காது, ஒன்றும் இருக்காது. உடம்பு தன் சொந்த அணுவையே எதிரி என்று நினைத்துவிடும். கடைசிக் காரணம் எனக்கு உடனே புரிந்தது. நான் வீட்டில் செய்ததும் அதுதானே.

"அப்ப உப்பு?" என்று கேட்டேன்.

"உப்பு நீங்க கொறச்சதினால அல்ல. இந்த ரோகம் தன்னே சோடியத்தை எறக்கும். முகமும் கையும் ஒண்ணிச்சு வெட்டுறது, உப்பு எறங்குறது, மறதி, மூணும் சேர்ந்து வந்தா எங்களுக்கு இதுதான் முதல்ல ஓர்மை வரும். வெட்டைப் பற்றி யாராவது சொல்லியிருந்தா நேரத்தே பிடிச்சிருக்கலாம்."

ஊரெல்லாம் ஒப்புக்கொண்ட குற்றம் என்னுடையது அல்ல. ஒப்புக்கொள்ளாததுதான் என்னுடையது.

முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். அதில் வைரஸ் இல்லை என்று தெரியும்வரை அதற்கான மருந்தையும் ஏற்றினார்கள். கட்டி இருக்கிறதா என்று நெஞ்சையும் வயிற்றையும் படம் எடுத்தார்கள். அந்த முடிவுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருந்த அந்த ஒரு நாளில் நான் பேரம் பேசாத தேவன் இல்லை, கோவில் பேதமும் பார்க்கவில்லை. கட்டி இல்லை. நரம்பைத் தாக்கும் அந்தப் படை ரத்தத்தில் இருக்கிறதா என்று பார்க்கச் சாம்பிளைத் தொலைவிலுள்ள ஒரு பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினார்கள். முடிவு வர வாரங்கள் ஆகும், காத்திருக்க வேண்டாம் என்று ஸ்டீராய்டு ஏற்றத் தொடங்கினார் டாக்டர். நான் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். மணிக்கு ஒன்பது, ஆறு, இரண்டு. ஏழாம் நாள் தாள் வெறுமையாக இருந்தது. மகள் அதை வாங்கி மடித்துத் தன் பைபிளில் வைத்துக்கொண்டாள். பிறகு முடிவும் வந்தது. டாக்டர் நினைத்த அதே படைதான்.

வெட்டு போன வேகத்தில் ஞாபகம் வரவில்லை. மாதக் கணக்கில் ஆகலாம், நோயாக இருந்த காலம் திரும்பி வராமலே போகலாம் என்றார்கள். அந்தக் காலம் எது? நான் அவளை அடித்த காலம். எனக்கு விடுதலை எழுதி நீட்டிவிட்டார்கள். நான் வாயைத் திறக்காவிட்டால் அந்த அடி உலகத்திலேயே இல்லை.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "போட்டும், விடுங்கோ" என்றாள். அரை மணி நேரத்தில், "சாயா குடிச்சியளா?" என்று வந்து நின்றாள். ஒன்றும் நினைவில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடி சொன்னேன். இந்த முறை சிரித்தாள். இன்னொரு முறை, "எந்தக் கையில அடிச்சியோ, நீட்டுங்கோ" என்று என் கையில் ஒன்று போட்டாள். ஐந்தாறு முறை ஆனதும் எனக்கு அது ருசித்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புது மன்னிப்பு. மகள்தான் பிடித்தாள்.

"அப்பா, அம்மை மறந்துபோவாண்ணு தெரிஞ்சுதான் சொல்லுதியோ."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். "மறக்காத அண்ணைக்கு சொல்லுங்கோ" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். அடுத்த வாரம் குவைத்துக்குத் திரும்பினாள்.

மீன்காரி வந்து விசாரித்தாள். மூளைக்குள் கடல்குதிரை இருக்கும் விஷயத்தைச் சொன்னேன்.

"கடக்குதிரையா? எங்க வலையில கெடக்குமே சாரே. இத்தனூண்டு. ஆணுதான் குட்டியை வயித்துல சொமக்கும், தெரியுமா?" என்று சொல்லி, என் மனைவியின் தலையை இரண்டு கையாலும் பிடித்து, "குதிரை ரெண்டும் நல்லா மேயட்டு" என்றாள். அதிலிருந்து தினமும் வாசலில் வந்து சருவத்தை இறக்கும்போதே, "அக்கா, குதிரை என்ன சொல்லுது?" என்பதுதான் கேள்வி. மனைவி சில நாள் முந்தின நாள் மீனைச் சரியாகச் சொன்னாள். சில நாள் சொல்லவில்லை. சொன்ன நாளில் மீன்காரி இரண்டு சாளை கூடப் போட்டாள். மறந்த நாளில், "சாரமில்ல, போட்டும், நேத்து மீனும் அவ்வளவு கொள்ளாது" என்றாள்.

கிறிஸ்துமஸ் தாண்டி, அடுத்த வருடத்தின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாட்டு நம்பர் சொன்னார்கள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என் பக்கத்தில் ஒரு குரல் தொடங்கிவிட்டது. திரும்பிப் பார்த்தேன். புத்தகம் மூடியிருந்தது. முழங்கையால் ஓர் இடி விழுந்தது.

நான் பாடவில்லை. மறக்காத நாள் வந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. அப்படியும் மூன்று நாள் தள்ளினேன். நாலாம் நாள் சாயங்காலம் அவளை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அடி, பதினொரு நாள், மகளிடம் சொன்ன பொய், அதனால் போன மூன்று வாரம். அவள் அழவில்லை, சிரிக்கவில்லை. "சரி" என்று எழுந்து விளக்குப் போடப் போனாள். அன்று அவ்வளவுதான்.

காலையில் சாயா வரவில்லை. ஏழு மணி, எட்டு மணி. பத்து மணிக்கு மீன்காரி வந்தாள். அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"ஏட்டி, சாரிட்ட சொல்லு. பதினோரு நாளைக்கு அவரே சாயா போட்டு குடிக்கட்டும். எங்கிட்ட பேச வராண்டாம்."

மீன்காரி என் பக்கம் திரும்பி, தன் வரியைச் சேர்க்காமல் விழித்தாள். "சாரே, என்ன, அழுதியளா சிரிக்கியளா?"

நேற்றைய சாயங்காலம் இன்றைய காலைக்கு வந்து சேர்ந்திருந்தது. பதினொன்று என்ற எண்ணும் சேதாரமில்லாமல் வந்திருந்தது. "ரெண்டும்தான். அக்காட்ட சொல்லு, சரிண்ணு சொன்னேண்ணு" என்றேன். மகளுக்கும் போன் செய்து சொன்னேன். "அம்மை எங்கிட்ட பேசல்ல மக்கா!" அவள் அந்தப் பக்கம் கூச்சல் போட்டது குவைத் ஆஸ்பத்திரி வார்டு முழுவதும் கேட்டிருக்கும்.

பதினொரு நாளும் நான் போட்ட சாயா வாயில் வைக்க முடியாமல் இருந்தது. அவள் ஒரு நாள்கூட மறந்துபோய்ப் பேசவில்லை. ஆறாம் நாள் வேண்டுமென்றே சோதித்தேன், கண்ணாடியைக் காணோம் என்றேன். மேசையை விரலால் காட்டிவிட்டுப் போனாள். ஒன்பதாம் நாள் மீன்காரி எனக்காகப் பரிந்து பேசினாள், அதற்கும் பலனில்லை. நான் காலண்டரில் கோடு போட்டேன். அவள் எதிலும் குறிக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் காலை டம்ளரோடு வந்தாள். என் முன்னால் நின்றாள். வாய் வலப்பக்கம் கோணியது, வலது கை வெடுக்கென்று வீசியது. என் கை பென்சிலைத் தேடியது.

"தெரியுதா?" என்றாள்.

இடது கையிலிருந்த சாயா ஒரு சொட்டும் சிந்தவில்லை.